நகக்கண்

கத்திவாக்கம் நெடுஞ்சாலையில் மீன் மார்க்கெட்டுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் காஜா மொய்தீன். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இங்கே ஆள் கிடையாது, பாய் என்றால் போதும். வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு எத்தனை ஆயிரம் பயோடேட்டா அடித்துக் கொடுத்திருப்பேனோ தெரியாது. எல்லாவற்றின் அடியிலும் ஒரு வரி இருக்கும். மேலே சொன்னதெல்லாம் நான் அறிந்த வரையில் உண்மை என்று. அதற்குக் கீழே கையெழுத்துப் போடும்போது எந்தப் பிள்ளையும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரும். திருவொற்றியூரில் ஜெரி வகுப்பு ஆரம்பித்த பிறகு அந்த வரி காணாமல் போனது. அது பழைய பாணியாம், எடுத்துவிடச் சொன்னான்.

ஜெரிக்கு முப்பது வயசு இருக்கும். சித்திரை வெயிலிலும் கோட்டு. கல்யாண மண்டபத்து மாடியில் ஒரு ஹாலைப் பிடித்து, படித்து முடித்து வேலை இல்லாமல் சுற்றுகிற பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, உங்களை நீங்களே ஒரு பிராண்டாக ஆக்குவது எப்படி என்று பாடம் நடத்தினான். சோப்புக்கும் டீத்தூளுக்கும் இருக்கிற மாதிரி ஆளுக்கும் ஒரு பிராண்டு வேண்டுமாம். அவன் நோட்ஸை நாற்பது செட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒருநாள் கொடுக்கப் போனவனை உட்கார வைத்துவிட்டான். அதனால் ஒரு வகுப்பை முழுக்கப் பார்க்கிற பாவம் எனக்கு வந்து சேர்ந்தது.

அன்றைய பாடம் வலி. ஒவ்வொருத்தராக எழுந்து வாழ்க்கையில் பட்ட வலியைச் சொல்ல வேண்டும். டிகிரி எல்லாரிடமும் இருக்கிறது, வலிதான் உங்களைத் தனியாகக் காட்டும் என்றான். வெற்றி என்று ஒரு பையன் எழுந்து, அவன் அப்பா காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் கட்டுகிற வேலையில் விரல் போனவர் என்று மெதுவாகச் சொன்னான். எத்தனை விரல் என்று கேட்டான் ஜெரி. ஒன்று. போட்டோ இருக்கிறதா? இல்லை. சரி, உட்கார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். நாற்பது செட்டுக்கும் அவன் இன்னும் கணக்கு முடிக்கவில்லை என்பதால் உட்கார்ந்திருந்தேன், என் லட்சணம் அவ்வளவுதான்.

அடுத்து எழுந்தவள் மோகனப்ரியா. என் கடைக்கு நேர் எதிரே, மார்க்கெட் வாசலில், குடைக்கு அடியில் மீன் விற்கிற செல்லம்மாவின் ஒரே மகள். மூன்றாம் வகுப்பில் மேப் வாங்க என் கடைக்கு வந்த காலத்திலிருந்து தெரியும். பி.காம் முதல் வகுப்பு. டேலி முடித்திருந்தாள். அறுபத்தொரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள், அறுபத்தொன்றும் நான் அடித்ததுதான். நாலு இடத்தில் கூப்பிட்டார்கள், நாலு இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். நல்ல பிள்ளை. இதை இப்போதும் சொல்வேன். சொல்லும்போது வாய் கசக்கிறது.

அப்பா இல்லை என்றாள். அது நிறையப் பேருக்கு இருக்கிறது என்றான் ஜெரி. அம்மா மீன் விற்கிறார் என்றாள். அதுவும் போதவில்லை. அப்போது அவள் போனைத் தடவி ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். ஜெரி அதை வாங்கிப் பார்த்து, வகுப்புக்கே திருப்பிக் காட்டி, இதுதான் பிராண்டு என்றான்.

அந்தப் படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஆறு மாதம் முந்தி, புயல் மழை வடிந்த கையோடு ஆலைப் பக்கத்திலிருந்து ஆற்றில் எண்ணெய் வந்தது. முகத்துவாரம் வரைக்கும் தண்ணீருக்கு மேல் தார் போலக் கறுப்பு. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் பிசுபிசுவென்று ஆனது. மூச்சு விட்டால் பெட்ரோல் பங்க்கில் படுத்த மாதிரி இருந்தது. குப்பத்து ஆண்களும் பெண்களும் மக்கிலும் பக்கெட்டிலும் எண்ணெயை மொண்டு பேரலில் ஊற்றினார்கள். செல்லம்மாவும் நாலு நாள் இறங்கினாள். கரை ஏறியவள் இரண்டு கையையும் மகளிடம் நீட்டி, மருதாணி வைத்துக்கொண்டேன் பார் என்று சிரித்தாள். மகள் படம் எடுத்தாள். கை முழங்கை வரைக்கும் கறுப்பு, முகம் முழுக்கச் சிரிப்பு. அவ்வளவுதான்.

மறுநாள் மோகனப்ரியா அந்தப் படத்தை என் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, முகத்தை வெட்டிவிட்டுக் கையை மட்டும் வைக்கச் சொன்னாள். சிரிப்பு இருந்தால் வலி வராது என்று ஜெரி சார் சொன்னாராம். நான்தான் வெட்டினேன். கழுத்துக்குக் கீழே கோடு போட்டு, ஒரு தட்டு. பிறகு படத்தோடு போடச் சொல்லி ஜெரி இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்ததையும் படித்தேன். என் அம்மா தினமும் விடியற்காலையில் இந்த எண்ணெய் ஆற்றில் இறங்குகிறார், கையால் தடவி எறா பிடிக்கிறார், அதை விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார், இந்தக் கைகள்தான் என் பட்டம் என்று போனது.

"இன்னாம்மா இத்து, ஒங்கம்மா ஆத்து எறாவைத் தொடறதே இல்லியே. காசிமேட்டு ஏலத்துல தானே எடுத்துகினு வருது?"

"சொம்மா ஒரு கதைக்கு மாமா. கம்பெனிக்காரங்க பாக்குற சைட்டு அது. நம்ம ஏரியாவுல யாரு அதைப் படிக்கப் போறாங்க?"

இதில் ஒரு விஷயம் இருக்கிறது, வெளியாட்களுக்குத் தெரியாது. எண்ணெய் வந்த வாரமே குப்பத்தில் ஊர்க்கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். ஊர் மறுபடி சொல்லும்வரை ஆற்று எறா, ஆற்று நண்டு, மடவை எதையும் யாரும் விற்கக் கூடாது. எவளாவது ஒருத்தி ஒரு கூறு விற்று, வாங்கியவன் வாந்தி எடுத்தால், கடல் மீனையும் சேர்த்து ஜனங்கள் தொடமாட்டார்கள். மார்க்கெட் வரிசையில் இருபது பெண்களின் அடுப்பு அணைந்துவிடும். அந்தக் கட்டுப்பாட்டுக்கு முதலில் கை தூக்கியவள் செல்லம்மாதான். அன்றிலிருந்து விடியும் முன்னே ஷேர் ஆட்டோ பிடித்துக் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஏலத்தில் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டுக் கொண்டுவருவாள். யாராவது எறாவைக் கிளறினால், கடல் எறாம்மா, தலையைப் பாரு, என்று ஒன்றைப் பிய்த்துக் காட்டுவாள். அவள் வாயிலிருந்து அந்த விஷயத்தில் பொய் வந்து நான் கேட்டதில்லை.

யாரும் படிக்க மாட்டார்கள் என்றாள். மூன்றே நாளில் லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பெங்களூரிலிருந்து கும்பிடு போட்டார்கள், துபாயிலிருந்து கண்ணீர் விட்டார்கள். தாயே தெய்வம் என்று எழுதினான் ஒருவன், அவன் தன் தாயிடம் பேசி எத்தனை வருஷமோ. ஜெரி அதைப் படம் பிடித்து, என் மாணவி என்று போட்டு, அடுத்த வகுப்புக்கு விளம்பரம் செய்துகொண்டான். அந்தக் கை யாருடையதோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று லட்சம் பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை.

நாலாம் நாள் யாரோ அதைத் தமிழாக்கி வாட்ஸப்பில் விட்டான். எண்ணூர் மார்க்கெட்டில் எண்ணெய் எறா, உஷார் என்று தலைப்பு. என் வீட்டுக்காரி ரஹீமுன்னிசா அதைப் பார்த்துவிட்டு, செல்லம்மாவிடம் முதல்நாள் வாங்கி வைத்திருந்த எறாவை, அலசி மஞ்சள் போட்டதை, அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள். அது கடல் எறா என்று நான் சொன்னேன். ஒனக்கு இன்னா தெரியும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. வெட்டியது நான்தானே.

அந்த வாரம் மார்க்கெட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையைத் தாண்டிப் போனார்கள். மணலி புதுநகரிலிருந்து வாரம் தவறாமல் வண்டியில் வருகிற ஒருத்தர், சங்கரா மீனை எடுத்து மோந்து பார்த்துவிட்டுக் கலீஜ் என்று போட்டுவிட்டுப் போனார். செல்லம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஐஸ் உருகி மீன் கண் வெளுக்கிறவரை உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் உட்கார்கிற ரேகாதான் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டி, இது உன் கைதானே என்று கேட்டாளாம். செல்லம்மா பார்த்தாள். கையில் அவள் கணவன் பச்சை குத்திவிட்ட ஒரு சின்ன மீன் எண்ணெய்க்குள்ளும் தெரிந்தது. ஆமாம் என்றாள். ரேகா தன் குடையை இரண்டடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஊர்த் தலைவர் கருணாகரன் என் கடைக்கு வந்தார். படகு வைத்திருக்கிறவர், அதிகம் பேசாதவர். போனில் இருப்பதைக் காகிதத்தில் எடுத்துக் கொடு, ஊர்க்கூட்டத்துக்கு வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். இங்கிலீஷில் இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை நீயே வந்து தமிழில் படித்துச் சொல்லிவிடு என்றார். செல்லம்மா ஆற்று எறா விற்றிருப்பாள் என்று அவருக்கு நம்பிக்கை இல்லை, அது முகத்திலேயே தெரிந்தது. இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், காசிமேட்டு ஏலக்காரர் சாட்சி சொல்வார், ஊரே சேர்ந்து அந்தப் போஸ்ட் பொய் என்று எழுதிப் போடும், மார்க்கெட் தலை தூக்கிவிடும் என்றார். 

சனிக்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் கடைக்கு வந்தார்கள். மோகனப்ரியாவின் முகம் வீங்கியிருந்தது. அன்று காலையில்தான் அவளுக்குப் போன் வந்திருந்தது. பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய கம்பெனி. உங்கள் கதை எங்கள் டீமையே அழ வைத்துவிட்டது, செவ்வாய்க்கிழமை நேரில் வாருங்கள், கடைசி ரவுண்டு என்று சொன்னார்களாம். அவள் அதற்குக் கொண்டுபோகச் சான்றிதழ்களை நகல் எடுக்க வந்திருந்தாள். நான் மெஷினைப் போடவில்லை.

"அந்தப் போஸ்ட்டை எடுத்துடு மோகனா. தப்பா எயுதிட்டேன்னு ரெண்டு வரி போடு. அத்தோட முடிஞ்சிது."

"எடுத்தா வேலை பூடும் மாமா. அதைப் பாத்துட்டுதானே கூப்பிட்டாங்க. பொய் சொன்னேன்னு தெரிஞ்சா எவன் வேலை குடுப்பான்? இந்தக் கம்பெனி மட்டும் இல்ல, எங்கியும் பூட முடியாது. பேரைப் போட்டுத் தேடுனா மொதல்ல அதுதான் வரும்."

"அப்போ ஒங்கம்மா பொயப்பு?"

 அறுபத்தொன்று மாமா, உனக்கே தெரியும் என்று மட்டும் சொன்னாள். அழுகை அதற்கு முன்னாலேயே தீர்ந்துபோயிருந்தது.

செல்லம்மா ஸ்டூலில் உட்கார்ந்து நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விற்காத நெத்திலியைக் காயப்போட்டுவிட்டு வந்திருந்தாள், செதில் புடவையில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்.

"நான் நாளைக்கு இல்லன்னு சொன்னா, அத்து அந்த ஆபீஸ் வரிக்கும் பூடுமா பாய்?"

பொய் சொல்லியிருக்கலாம். குப்பத்துப் பையன்கள் இப்போதே போஸ்ட்டுக்குக் கீழே திட்டி எழுதிக்கொண்டிருக்கிறார்கள், ஊர் பொய் என்று சொன்னால் அதையும் படத்தோடு போட்டுவிடுவார்கள், கம்பெனிக்காரன் பார்க்காமல் இருக்க மாட்டான் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். மகளைப் பார்த்து, கெளம்பு, தலைக்கு எண்ணெ வச்சிக் குளி, மூஞ்சி காஞ்சிகீது என்றாள். அவ்வளவுதான் பேச்சு. நான் சான்றிதழ்களை நகல் எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லையம்மன் கோயில் முன்னால் ஊர் உட்கார்ந்தது. மணலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். காற்றில் இன்னும் எண்ணெய் நாற்றம் இருந்தது. நான் நின்றுகொண்டு படித்தேன். இங்கிலீஷில் மினுமினுப்பாக இருந்ததெல்லாம் தமிழில் சொல்லும்போது அசிங்கமாக இருந்தது. இந்தக் கைகள்தான் என் பட்டம் என்று நான் படித்தபோது பின்னால் யாரோ காறித் துப்பினார்கள். மோகனப்ரியா கோயில் சுவர் ஓரம் நின்று காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருணாகரன் எழுந்தார்.

"செல்லம்மா, இத்து ஒம் பொண்ணு எயுதுனது. சின்னப் பொண்ணு, தெரியாம எயுதிருக்கும். நீ ஆத்து எறா வித்தியா, இல்லியா? இல்லன்னு சொல்லு, முடிஞ்சிது. நான் பாத்துக்கறேன்."

செல்லம்மா எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வித்தேண்ணா."

 கருணாகரன் இரண்டாம் முறை கேட்டார். அவளுக்குச் சரியாகக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தவர் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"வித்தேன்னு சொல்றேனே. பொண்ணு எயுதுனது நெசம்தான். வெடியக்காலைல எறங்குவேன். யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். அவள் விடியற்காலையில் ஷேர் ஆட்டோவில் எங்கே போகிறாள் என்று எனக்கும், ரேகாவுக்கும், அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பெண்களுக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். செல்லம்மா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். முந்தின நாள் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டாளே, அதே நிதானம். நான் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ரேகா மட்டும் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், அவள் வீட்டுக்காரன் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். தானே ஒத்துக்கொண்டவளுக்கு யார் என்ன சாட்சி சொல்வது?

ஒரு வருஷம் மார்க்கெட்டில் உட்காரக் கூடாது, ஊர் பெண்களோடு ஆட்டோ ஏறக் கூடாது, திருவிழாவில் பங்கு கிடையாது என்று தீர்ந்தது. தீர்ப்பைச் சொல்லிவிட்டுக் கருணாகரன் யாரையும் பார்க்காமல் போய்விட்டார். திரும்பி வரும்போது பெண்கள் செல்லம்மாவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அது மரியாதையில் ஒதுங்கியது இல்லை. மகள் பத்தடி பின்னால் வந்தாள்.

செவ்வாய்க்கிழமை மோகனப்ரியாவுக்கு வேலை கிடைத்தது. முதலில் பயிற்சிக் காலம், அது முடிந்து பிடித்திருந்தால்தான் நிரந்தரம். ஜெரி அவளுக்குச் சால்வை போட்டு ஒரு படம் எடுத்தான். அதை முப்பது காப்பி கலரில் போட்டுக் கேட்டான், மெஷின் ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். இந்தக் கதை முழுக்க நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதுவும் அவனுக்குத் தெரியாது.

செல்லம்மாவுக்கு மணலி புதுநகரில் ஒரு கேன்டீனில் பாத்திரம் துலக்குகிற வேலை. காலையில் ஐந்து மணி பஸ்ஸில் போவாள். மார்க்கெட் வாசலில் அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது ஒருத்தன் போன் கவர் விற்கிறான். ரோட்டைக் கடக்கும்போது அவள் அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். ஒன்றிரண்டு முறை எதிர்ப்பட்டு, எப்படிக்கா இருக்கிறாய் என்று கேட்டேன். நல்லாக் கீறேன் பாய், எப்பப் பாத்தாலும் கையி தண்ணிலியே கீது என்றாள்.

மாசி பாதி தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடையில் ஆள் இல்லை. மோகனப்ரியா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, லீவு நாளிலும் கழற்றவில்லை. மகளிர் தினத்துக்கு ஆபீஸில் அவள் கதையைப் பெரிய திரையில் போடப் போகிறார்களாம். பழைய படம் சின்னது, பெரிதாக்கினால் கலங்குகிறது. புதிதாக ஒன்று வேண்டும், இந்த முறை முகமும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

அவள் என் மெஷினைப் பார்த்தாள்.

"டோனர் கொட்டுன பவுடர் வச்சிருப்பியே மாமா. கொஞ்சம் குடு."

முதலில் எனக்குப் புரியவில்லை. செல்லம்மாவின் கையைப் பார்த்ததும் புரிந்தது. பாத்திரச் சோப்பில் ஊறி ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. நகமெல்லாம் சுத்தம். பச்சை மீன் மட்டும் தெளிவாக நீந்திக்கொண்டிருந்தது.

"தூ, போம்மா அந்தாண்ட. அசிங்கமா இல்ல ஒனக்கு? ஒங்கம்மாவை இன்னும் இன்னா பண்ணணும்?"

"இன்னும் கன்ஃபர்ம் பண்ணல மாமா. ரெண்டு பேர்ல ஒருத்தரைத்தான் எடுப்பாங்களாம்."

அவள் குரலில் வெட்கம் இல்லாமல் இல்லை. வெட்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாத குரல். நான் முடியாது என்றேன். அப்போது செல்லம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையை முழங்கைக்கு மேலே ஒதுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் என் மேஜைமேல் வைத்தாள்.

"குடு பாய். எல்லாம் பண்ணியாச்சி, இத்து இன்னா பெருசு."

மெஷினின் கழிவு டப்பாவை எடுத்து அந்தக் கறுப்பு மைப்பொடியை ஒரு பேப்பரில் கொட்டினேன். கொட்டியது நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். மகள் கொஞ்சம் தேங்காயெண்ணெய் கொண்டுவந்திருந்தாள். குழைத்து அம்மாவின் கையில் மேலிருந்து கீழே சுவருக்கு அடிப்பதுபோல் தடவினாள். செல்லம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகத்தில், மார்க்கெட்டில் மீனைத் தப்பாக வெட்டுகிறவளைப் பார்க்கும்போது வருகிற அந்தச் சிடுசிடுப்பு வந்தது.

"இப்டி இல்லடி. எண்ணெ இப்டிப் புடிக்காது. மேல வழிஞ்சி பூடும். நகக்கண்ணுலதான் மொதல்ல நிக்கும். அப்பால ரேகைல. பாரு."

ஒரு கையின் கட்டைவிரலால் மறு கையின் நகம் ஒவ்வொன்றிலும் கறுப்பை அழுத்தி ஏற்றினாள். விரல் இடுக்கில், மணிக்கட்டு மடிப்பில், ரேகையில். பச்சை மீனைப் பாதி மூடி பாதி விட்டாள், அன்றைக்கு அப்படித்தான் இருந்தது என்றாள். முடித்துவிட்டு இரண்டு கையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அச்சு அசலாக இருந்தது. 

மோகனப்ரியா வாசல் வெளிச்சத்தில் அவளை நிற்க வைத்துப் போனை உயர்த்தினாள்.

"சிரிக்காதம்மா."

"நான் எங்கடி சிரிச்சேன். என் மூஞ்சே இப்போ இப்டித்தான் கீது."

மோகனப்ரியா மூன்று படம் எடுத்தாள். மூன்றும் நன்றாக வந்திருக்கின்றன என்று சொன்னாள்.